கிராமுக்கும் டன்னுக்கும் நடுவே

(அரிமளத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2025 ஜூலையில் சீன வணிக அமைச்சகம் தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஒரு தொழில்நுட்பத்தைச் சேர்த்தது. பேட்டரிக்குள் நேர்மின்வாயாக, அதாவது கேத்தோடாகப் பூசப்படும் தூளை, அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற தூளைத் தயாரிக்கும் முறை, அரசின் அனுமதி இல்லாமல் இனி நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது அந்த உத்தரவின் சாரம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தப் பொருள் என்ன என்பது ரகசியமே இல்லை. லித்தியம் ஒன்று, இரும்பு ஒன்று, பாஸ்பரஸ் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. பிளஸ் டூ மாணவர்கூட வாய்பாட்டை எழுதிவிடுவார். 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த கட்டுரையில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. முக்கியமான காப்புரிமைகளும் 2022 வாக்கில் காலாவதியாகிவிட்டன. ஊருக்கே தெரிந்த ஒன்றைப் பூட்டி வைப்பானேன்? பொருளைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை, அதை டன் கணக்கில், ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரத்தில் செய்து தள்ளுவது வேறொரு வித்தை. சீனா பூட்டியது இந்த இரண்டாவது வித்தையைத்தான்.

இரண்டு வித்தைகளுக்கும் நடுவே தன் வாழ்நாளைச் செலவிட்டுவரும் ஒரு தமிழரைப் பற்றியது இந்தச் சொற்பொழிவு. அவர் ஆறுமுகம் மந்திரம். 1951இல் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியலில் முனைவர் பட்டம், பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு விரிவுரையாளர் வேலை. அந்தக் காலத்தில் அதுவே நிறைவான வாழ்க்கை. ஓய்வூதியம் வரை கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவர் 1985இல் இங்கிலாந்து போய் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃபிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு குட்இனஃப் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினுக்கு இடம் மாறியபோது மந்திரமும் உடன் போனார். இன்றுவரை அவருடைய களம் ஆஸ்டின்தான்.

குட்இனஃப் யார் என்று தெரிந்தால்தான் அந்தச் சேர்க்கையின் எடை புரியும். ஆக்ஸ்போர்டுக்கு வரும் முன் அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் 24 ஆண்டுகள் இருந்தவர். கணினியின் நினைவகத்துக்கான காந்தப் பொருளை உருவாக்கிய குழுவில் அங்கே வேலை பார்த்தார். கருவி ஓடியாக வேண்டும் என்ற நெருக்கடிக்குப் பழகியவர். 1980இல் ஆக்ஸ்போர்டில் அவருடைய குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கேத்தோடாக நிறுவியது. 4 வோல்ட் கிடைத்தது. அதற்கு முன் எக்சான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் பயன்படுத்திய டைட்டானியம் சல்பைடு 2.5 வோல்ட்டையே தாண்டவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இதற்குக் காப்புரிமை எடுக்க அக்கறை காட்டவில்லை. கடைசியில் ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையம் எடுத்துக்கொண்டது. பின்னாளில் கோடிக்கணக்கான கைபேசிகளுக்குள் போன அந்தப் பொருளால் குட்இனஃபுக்குக் காசு எதுவும் வரவில்லை.

மந்திரம் கையில் எடுத்தது கோபால்ட்டை அல்ல, இரும்பை. இரும்பு மலிவு, எங்கும் கிடைக்கும், நஞ்சும் இல்லை. குறை ஒன்றுதான்: சாதாரண இரும்பு ஆக்சைடில் லித்தியத்தை நுழைத்தால் 2.5 வோல்ட்டுக்கும் கீழேதான் கிடைக்கும். அந்த அழுத்தத்துக்கு யாரும் பேட்டரி வாங்க மாட்டார்கள். 1987இலும் 1989இலும் மந்திரமும் குட்இனஃபும் வெளியிட்ட கட்டுரைகள் இந்த இடத்தில் கதவைத் திறந்தன. இரும்பு மாலிப்டேட்டில் 3.0 வோல்ட் வந்தது. அதே படிக அமைப்பில் மாலிப்டினத்தை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால், அதாவது இரும்பு சல்பேட்டில், 3.6 வோல்ட். இரும்பு அதே இரும்பு, சட்டகமும் அதே சட்டகம். அப்படியானால் கூடுதல் வோல்ட் எங்கிருந்து வந்தது? கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜனுக்கும் இரும்புக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. இரும்பின் எலெக்ட்ரான் ஆற்றல் மட்டம் கீழே இறங்க, மின்னழுத்தம் ஏறுகிறது. பக்கத்து வீட்டு அணுவை மாற்றி நம் வீட்டு அணுவின் வோல்ட்டை ஏற்றலாம் என்பது அன்று புதுச் சேதி.

இது ஆய்வுக்கூட வெற்றி. ஆலைக்காரர் கண்ணில் அப்போதும் அது செல்லாக் காசுதான். காரணம் நுட்பமானது, சுவையானதும்கூட. இரும்பு சல்பேட்டுக்குள் பிறக்கும்போது லித்தியம் கிடையாது. எதிர்ப்பக்கம் லித்தியம் உலோகத்தையே வைத்தால்தான் பேட்டரி ஓடும். லித்தியம் உலோகமோ ஈரம் பட்டால் வினைபுரியும், மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும்போது ஊசி ஊசியாக வளர்ந்து உள்ளேயே ஷார்ட் ஆகும். 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த பேட்டரி வென்றதற்குப் பெரிய காரணம், லித்தியத்தைக் கேத்தோடே சுமந்துவந்ததுதான். ஜப்பானில் அகிரா யோஷினோ அமைத்துக் காட்டியபடி ஒரு பக்கம் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, மறுபக்கம் கரி. இரண்டையும் காற்றில் கையாளலாம். சார்ஜ் இல்லாத நிலையிலேயே பேட்டரியைக் கட்டி மூடிவிட்டு, கடைசியில் மின்சாரம் கொடுத்து உயிரூட்டலாம். ஒலிநாடாவுக்குத் தூள் பூசும் வித்தை சோனிக்கு ஏற்கெனவே கைவந்திருந்ததால் மின்வாய்களைப் பூசுவதும் எளிதாயிற்று. வேதியியல் புத்தகத்தில் இந்த ஒலிநாடாக் கதை வராது. வர வேண்டும்.

1997இல் ஆஸ்டினில் குட்இனஃபும் அக்ஷய பாதியும் நஞ்சுண்டசுவாமியும் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் இந்தக் குறையைத் தீர்த்தது. சல்பேட்டுக்குப் பதில் பாஸ்பேட், உள்ளேயே லித்தியம், 3.4 வோல்ட். கட்டுரையில் மந்திரத்தின் பெயர் இல்லை, ஆனால் அதன் அடித்தளத்தில் அந்த 1987, 1989 கட்டுரைகள் இருக்கின்றன. இதுவும் பிறந்த கையோடு ஆலைக்குப் போய்விடவில்லை. மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள் அது. கணக்குப்படி கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி தர வேண்டியது, முதல் சோதனைகளில் அதில் 60 விழுக்காடு அளவே தந்தது, அதுவும் மெதுவாக. குறைந்த மின்திறன் போதுமான கருவிகளுக்கு ஏற்றது என்றுதான் கண்டுபிடித்தவர்களே எழுதினார்கள். பிறகு கனடாவில் துகள்மேல் மெல்லிய கரிப்படலம் போர்த்தினார்கள். சர்க்கரை போன்ற கரிமப் பொருளைக் கலந்து ஆக்சிஜன் இல்லாத உலையில் சுட்டால் கரிப்பூச்சு தானே உண்டாகும். துகளையும் நுண்ணியதாக்கினார்கள். செத்துக்கிடந்த பொருள் எழுந்து நடந்தது. நடுவே காப்புரிமைச் சண்டைகள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு 2008இல் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவில் இந்தப் பொருளை நம்பித் தொடங்கிய ஏ123 நிறுவனம் 2012இல் திவாலாகி, ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. சீனர்கள் மட்டும் சளைக்காமல் உலைமேல் உலையாகக் கட்டிக்கொண்டே போனார்கள். 2020இல் பி.ஒய்.டி. தன் பிளேடு பேட்டரியை வெளியிட்டது. அதே ஆண்டு டெஸ்லாவின் ஷாங்காய் ஆலையும் இந்த பாஸ்பேட்டுக்கு மாறத் தொடங்கியது. கட்டுரைக்கும் இந்தக் கார்களுக்கும் நடுவே 23 ஆண்டுகள்.

இந்த 23 ஆண்டு எதில் போயிற்று என்று பார்ப்பதுதான் பேச்சின் மையம். அதற்கு ஆய்வுக்கூடத்து மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர் புதுத் தூள் ஒன்றைச் செய்தால் முதலில் காயின் செல்லில் அடைத்துப் பார்ப்பார். கைக்கடிகாரத்துக்குப் போடும் வட்ட பேட்டரி மாதிரி, 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே போகும் கேத்தோடு தூள் சில மில்லிகிராம். எதிர்ப்பக்கம் தாராளமாக ஒரு லித்தியம் தகடு, தேவைக்கு மேல் மின்பகு திரவம். இந்தத் தாராளம் ஏமாற்றும். சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் லித்தியம் பக்கவினைகளில் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். தகட்டிலிருந்து புது லித்தியம் வந்து ஈடுகட்டிவிடும், வரைபடத்தில் கோடு நேராகவே ஓடும். ஆலையில் செய்யும் பேட்டரியில் தகடு கிடையாது. கேத்தோடு கொண்டுவந்த லித்தியம் மட்டுமே முதல். சுற்றுக்கு 99.9 விழுக்காடு மீள்கிறது என்றால் கேட்க அருமையாக இருக்கிறது. 1,000 சுற்று முடிந்து பெருக்கிப் பார்த்தால் மிஞ்சுவது 37 விழுக்காடு. 99.99 ஆக இருந்தால் 90 விழுக்காடு மிஞ்சும். கடைசித் தசமத்தில் இருக்கும் ஓர் 9தான் விற்கும் பேட்டரியையும் விற்காத பேட்டரியையும் பிரிக்கிறது.

நிக்கல் கூடிய கேத்தோடுகள் இன்னும் சண்டித்தனம் செய்பவை. மின்சாரக் காருக்கு அதிகத் தொலைவு வேண்டுமென்றால் நிக்கல் அதிகம் வேண்டும். நிக்கல் கூடக் கூட அந்தத் தூள் காற்றுக்கு அஞ்சும். டப்பாவை மூட மறந்தால் அப்பளம் நமுத்துப்போவதுபோல இதுவும் கெட்டுப்போகும். கெடுவது வேதிமுறையில். மேற்பரப்பில் எஞ்சிய லித்தியம் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் ஆகிறது. ஒரு கிராம் தூளை ஆர்கான் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கையாளும் மாணவருக்கு இது தெரியவே தெரியாது. ஆலையில் அதே தூளைப் பசையோடும் கரைப்பானோடும் கலந்து அலுமினியத் தாளில் பூசக் குழைவு தயாரிக்கும்போது, காரத்தன்மை ஏறித் தொட்டியில் இருக்கும் குழைவு முழுக்க ஜெல்லாக உறைந்துவிடும். பூசும் இயந்திரம் நின்றுபோகும். உலையிலும் இதே கதை. நிக்கலைச் சரியான நிலையில் வைத்திருக்க ஆக்சிஜன் ஓட்டம் வேண்டும். ஆய்வுக்கூடத்துச் சின்னக் கிண்ணத்தில் எல்லாத் துகளும் ஆக்சிஜனைப் பார்க்கும். ஆலையின் ஆழமான சுடுதட்டில் அடியில் கிடக்கும் துகளுக்கு அது போய்ச் சேராது. ஒரே தட்டில் மேலே நல்ல சரக்கு, அடியில் மட்டச் சரக்கு. பேட்டரியைக் கட்டும் அறையிலோ ஈரமே இல்லாதபடி காற்றின் பனிநிலை சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவு உண்டு, மின்சாரம் உண்டு, வீணாகும் சரக்கும் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் இவற்றுக்கெல்லாம் ஒரு வரி இடம்கூட இருக்காது.

மந்திரத்தின் பணியில் எடுத்துச் சொல்ல வேண்டியது, இந்தத் தொல்லைகளையே அவர் ஆய்வுக் கேள்விகளாக ஆக்கிக்கொண்டதுதான். 1991இல் ஆஸ்டினில் ஆசிரியரானார், பின்னாளில் டெக்சாஸ் பொருளறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். புது வாய்பாடு தேடுவதோடு அவருடைய குழு நின்றுவிடவில்லை. பழைய வாய்பாடுகள் ஏன் கெடுகின்றன, துகளின் தோலில் என்ன நடக்கிறது, ஈரக்காற்றில் எத்தனை நேரம் தாங்கும் என்பவற்றையும் தோண்டியது. ஆராய்ச்சியாளர்கள் பலர் இத்தகைய கேள்விகளைக் கைக்கொள்வதில்லை. பரிசு வாங்கித் தரும் கேள்விகள் அல்ல இவை.

அந்த வழியில் வந்ததுதான் 2020இல் வாங்டா லீ, ஸ்டீவன் லீ ஆகியோருடன் அவர் வெளியிட்ட கோபால்ட் இல்லாத கேத்தோடு. உலகின் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோவில் தோண்டப்படுகிறது. சின்னஞ்சிறு குழந்தைகள்வரை சுரங்கத்தில் இறங்கும் அவலம் உலகறிந்தது, விலையும் நிலையில்லாதது. அணு அடுக்கு கலையாமல் நிற்கக் கோபால்ட் கட்டாயம் வேண்டும் என்பது அதுவரை பொதுவான நம்பிக்கை. அவர்கள் நிக்கல் 89 விழுக்காடு, மீதி மாங்கனீசும் அலுமினியமும் என்று செய்து காட்டினார்கள். எப்படிச் சோதித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காயின் செல்லோடு விட்டுவிடவில்லை. ஆலை செய்வதுபோல, எதிர்மின்வாயான கரி ஆனோடோடு, தட்டையான பை போன்ற பவுச் செல்லாகக் கட்டி 1,000 ஆழ்ந்த சுற்று ஓட்டினார்கள். அதே நிக்கல் அளவில் கோபால்ட் கலந்த பொருட்களையும் தங்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பக்கத்தில் வைத்தார்கள். கடையில் விற்கும் ஒரு சரக்கையும் போட்டியில் சேர்த்தார்கள். வந்த முடிவை அப்படியே சொன்னார்கள்: கொள்ளளவு சற்றே குறைவு, மின்னழுத்தம் சற்றே கூடுதல், கோபால்ட் உள்ள இரு முக்கிய வகைகளைவிட நீண்ட உழைப்பு, வெப்பம் தாங்குவதிலும் மேல், ஆனால் கடைச்சரக்கைவிட இழை பின்தங்கல். இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள். இதைச் செய்யப் புது இயந்திரம் வேண்டாம், இருக்கும் ஆலைகளின் தொட்டியும் உலையுமே போதும். ஆலை முதலாளி முதலில் தேடிப் படிப்பது இந்த வாக்கியத்தைத்தான்.

2019இலேயே வாங்டா லீ, இவான் எரிக்சன் ஆகியோருடன் சேர்ந்து மந்திரம் டெக்ஸ்பவர் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அது அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து பிறந்த முதல் தொழில் முயற்சி அல்ல. 2007இல் ஆக்டாசெல் என்றொரு நிறுவனம் அவருடைய கண்டுபிடிப்புகளை உரிமம் பெற்று எழுந்தது. கூகுளின் அறக்கொடைப் பிரிவுகூட அதில் பணம் போட்டது. சில ஆண்டுகளில் வேறொரு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பேட்டரித் தொழிலில் இது அடிக்கடி நடப்பதுதான். மென்பொருள் மாதிரி இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பெருக்கிவிடக்கூடிய தொழில் அல்ல இது. கார் நிறுவனம் ஒரு தூளை ஏற்கும் முன் ஆண்டுக்கணக்கில் சோதிக்கும், அதுவரை உலை எரிய வேண்டும், சம்பளமும் போக வேண்டும்.

2019 அக்டோபரில் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. குட்இனஃபுக்கு அப்போது 97 வயது, நோபல் வரலாற்றிலேயே மூத்தவர். டிசம்பர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவருக்குப் பதிலாக மேடையேறி நிகழ்த்தியவர் மந்திரம். மதுரையில் விரிவுரையாளராக இருந்தவர் நோபல் உரையை நிகழ்த்தினார் என்று தமிழ்நாட்டில் பெருமைப்பட்டோம். பெருமை சரிதான். ஆனால் அந்த மூவரில் யோஷினோ ஒரு தொழில் நிறுவனத்தின் ஊழியர், விட்டிங்காம் பரிசுக்குரிய வேலையைச் செய்தது எண்ணெய் நிறுவனத்தில். பாதிக் கதை ஆலையில் எழுதப்பட்டது என்பதை அந்தப் பெருமையில் மறந்துவிட்டோம்.

அரிமளத்துக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி இல்லை. தெற்கே காரைக்குடியில் இருக்கிறது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இந்தப் பக்கத்து மக்களுக்குச் சிக்ரி. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாட்டின் மின்வேதி ஆராய்ச்சிக்கான தலைமை நிலையம் பெருநகரத்துக்குப் போகாமல் செட்டிநாட்டுச் செம்மண்ணில் வந்து அமர்ந்ததற்கு ஓர் அறக்கொடைதான் காரணம்.

லித்தியம் பேட்டரியைப் பொறுத்தவரை சிக்ரியின் வழியும் கிராமிலிருந்து மேலே ஏறும் வழிதான். டாக்டர் கோபுக்குமார் தலைமையிலான குழு டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆய்வகங்களோடு சேர்ந்து உள்நாட்டு லித்தியம் அயனி செல் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. மாதிரி செல்கள் செய்து காட்டச் சென்னையில் ஒரு கூடமும் அமைந்தது. 2018 ஜூனில் ராசி சோலார் பவர் நிறுவனத்தோடு தொழில்நுட்ப மாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, ஆலைக்கான இடமாகக் கிருஷ்ணகிரி சொல்லப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் இஸ்ரோவும் தன் விண்வெளித் தர லித்தியம் செல் தொழில்நுட்பத்தை பெல் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தமிட்டது. அரிமளத்துக்குப் பக்கத்திலே திருமயத்தில் அனல்மின் நிலையங்களுக்குக் குழாய் செய்யும் ஆலை வைத்திருக்கிற அதே பெல்தான். 2021இல் ஒன்றிய அரசு 50 கிகாவாட்-மணி அளவுக்குச் செல் உற்பத்தியை வளர்க்க 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது.

சிக்ரியில் கீழ்நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து லித்தியம் அயனி மின்கலப் பொருட்களில் உழைத்தவர் ந. கலைச்செல்வி. அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளிப்படிப்பு தமிழ் வழியில். கல்லூரியில் அறிவியல் கருத்துகளைப் பிடித்துக்கொள்ள அந்தத் தமிழ் வழிப் படிப்பே உதவியது என்று சொல்லியிருக்கிறார். 2019இல் சிக்ரியின் முதல் பெண் இயக்குநர், 2022 ஆகஸ்டில் சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநரான முதல் பெண். நம் பத்திரிகைகள் அந்த ‘முதல் பெண்’ என்பதோடு நின்றுவிட்டன. அவர் எந்தத் தூளில் வேலை பார்த்தார், அது எந்தத் தடையில் முட்டி நின்றது என்று யாராவது அவரை உட்காரவைத்து நாலு பக்கம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

அடுத்த போட்டி சோடியத்தில். லித்தியத்துக்கு அலையும் நாடுகளுக்கு உப்பில் கிடைக்கும் சோடியம் ஆசை காட்டுகிறது. சோடியம் பேட்டரியில் ஆனோடு பக்கமும் செம்புத் தாளுக்குப் பதில் மலிவான அலுமினியத் தாள் போதும், பூசும் இயந்திரங்களும் பழையவையே. 2022 வாக்கில் ரிலையன்ஸ் பிரிட்டனின் ஃபாராடியன் என்ற சோடியம் பேட்டரி நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் செய்தது இதை எண்ணித்தான். தொல்லையும் பழையதே: அடுக்கு ஆக்சைடு வகைச் சோடியத் தூள்கள் ஈரக்காற்றை நிக்கல் தூள்களைவிடவும் குறைவாகவே தாங்கும். எந்தத் தனிமத்தை எவ்வளவு சேர்த்தால் அவை காற்றில் கூடுதல் நேரம் தாங்கும் என்ற ஆய்வில் மந்திரத்தின் ஆஸ்டின் குழுவும் இறங்கியிருக்கிறது.